பழைய பத்திரத்தில் ‘காணி’ மூன்று முறை வருகிறது, மூன்றும் ஒன்றுதானா?

பாலாற்றங்கரை எழுதியது:

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் 1926-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு கிராமத்தில் என் கொள்ளுத்தாத்தா வாங்கிய சொத்துக்கானது அது. பெயர்களை நீக்கிவிட்டு, எனக்குச் சிக்கலாக இருக்கும் வாக்கியத்தை மட்டும் தருகிறேன்.

“மேற்படி கிராமத்தில் எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு நாளது வரையில் என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவருகிற மாகாணிப் பங்குக் காணியாட்சியையும், அதைச் சேர்ந்த நஞ்செய் காணி 2-ஐயும், நத்தத்தில் குடியிருப்பு மனை 4-ஐயும்...”

மாகாணி, காணியாட்சி, காணி என ஒரே வாக்கியத்தில் மூன்று வந்துவிட்டன. மூன்றும் அந்த இரண்டு காணி நிலத்தையே குறிக்கின்றன என்றும், பழைய பத்திர எழுத்தர்கள் ஒன்றையே பல சொல்லால் அடுக்குவது வழக்கம் என்றும் என் சித்தப்பா சொல்கிறார். காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, ஆகவே கிராமத்தில் நாற்பதில் ஒரு பங்கு நமக்குப் பாத்தியம் என்று என் தம்பி வாதிடுகிறான். பாரதி பராசக்தியிடம் கேட்ட காணி நிலத்தைத் தவிர எனக்கு இந்தச் சொல்லோடு வேறு பழக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பழைய கர்ணம் எழுதியது:

பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980-இல் ஒழிக்கப்படும் வரை கணக்குப் பிள்ளையாக இருந்தவன் நான். உங்கள் சித்தப்பா சொல்வதும் சரியில்லை, தம்பி சொல்வதும் சரியில்லை. மூன்றும் வெவ்வேறு.

முதலில் எண்ணைப் பார்ப்போம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்களுக்கு முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒன்று. இரண்டு முந்திரி அரைக்காணி. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது எண்பதில் ஒன்று. நான்கு காணி ஒரு மா, அதாவது இருபதில் ஒன்று. ஒரு மாவையும் ஒரு காணியையும் கூட்டினால் வருவது மாகாணி. 4/80-உம் 1/80-உம் 5/80 ஆகிறது, அதுவே 1/16. இதையே வீசம் என்றும் சொல்வார்கள். ஆகவே உங்கள் பத்திரத்தின் மாகாணிப் பங்கு என்பது கிராமத்தின் பதினாறில் ஒரு பங்கு. அதற்கும் நிலத்தின் பரப்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

அடுத்தது நிலவளவு. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். செங்கல்பட்டு, சென்னைப் பக்கத்தில் 24 அடிக் கோல். கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. இன்று மனை விற்பவர்கள் சொல்லும் 2,400 சதுர அடி மனையாகப் பிரித்தால் சரியாக 24 மனை வரும். ஏக்கரில் ஒரு காணி 1 ஏக்கர் 32 சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் 12 அடிக் கோல், 144 சதுர அடிக் குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு வேலி 2,88,000 சதுர அடி, அதாவது ஐந்து காணி. ஆகவே நான்கு மா சேர்ந்தால் ஒரு காணி.

மேலே சொன்ன எண்ணையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணில் நான்கு காணி சேர்ந்தால் ஒரு மா. நிலத்தில் நான்கு மா சேர்ந்தால் ஒரு காணி. சொற்கள் அவையே, உறவு தலைகீழ். தஞ்சாவூர்ப் பழங்கணக்கில் வேலியின் பின்னமாக ‘காணி’ என்று எழுதியிருந்தால் அது வேலியில் எண்பதில் ஒன்று, 3,600 சதுர அடி, எட்டேகால் சென்ட். செங்கல்பட்டுக் காணியோ அதைப்போல் 16 மடங்கு. இந்த வேறுபாடு தெரியாமல் பாகப்பிரிவினையில் சண்டையிட்டுக்கொண்ட குடும்பங்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், உங்கள் கிராமத்துக் கணக்கைச் சர்வே எண்வாரியாக நில விவரம் சொல்லும் பழைய அ-பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள். சர்வே எண்ணுக்கு எதிரே 2 ஏக்கர் 64 சென்ட் என்று இருந்தால் நான் சொன்ன காணிதான்.

பாரதி கேட்டதும் வேலியில் எண்பதில் ஒன்று அல்ல. பத்துப் பன்னிரண்டு தென்னை அவர் பட்டியலில் இருக்கிறது. மரத்துக்கு மரம் 25 அடி விட்டு நட்டால் பன்னிரண்டு மரத்துக்கே 7,500 சதுர அடி வேண்டும். மாளிகைக்கும் கேணிக்கும் எங்கே போவது?

கல்வெட்டு மாணவி எழுதியது:

கர்ணம் ஐயா எண்ணையும் அளவையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டார். பத்திரத்தின் நடுவில் இருக்கும் ‘காணியாட்சி’ குறித்து நான் எழுதுகிறேன்; அந்த வாக்கியத்தில் சட்டப் பொருள் முழுவதையும் சுமப்பது அதுதான்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் காணி என்பது பெரும்பாலும் பரம்பரையாக வரும் உரிமை; அதை உடைமையாக ஆள்வதே காணியாட்சி. அது நிலத்தின்மேல் இருக்கலாம். நிலத்தோடு கட்டப்பட்ட ஒரு தொழிலின்மேலும் இருக்கலாம். கோயிலில் மேளம் வாசிப்பவருக்கு உவச்சக்காணி, தச்சருக்குத் தச்சக்காணி, ஆடல் பயிற்றுவிப்பவருக்கு நட்டுவக்காணி, வைத்தியருக்கு மருத்துவக்காணி. இவற்றைப் படிக்கும்போது ‘தச்சருக்குக் கொடுத்த நிலம்’ என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிப் பொருள் போய்விடும். அந்தக் கோயிலில் தச்சு வேலை செய்யும் உரிமை அவருக்கும் அவர் வழியினருக்குமே உண்டு, அந்த வேலைக்கு ஈடாக அந்த நிலத்தின் விளைச்சல் அவர்களைச் சேரும் என்பதே முழுப் பொருள். அவர் அந்த உரிமையை விற்கவும் முடிந்தது. நிலவிற்பனைக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் “மண்ணற விற்றுப் பொருளறக் கொண்டோம்” என்னும் தொடர், விற்றவருக்கு இனி மண்ணிலும் ஒன்றுமில்லை, வர வேண்டிய பொருளிலும் ஒன்றுமில்லை என்று இரண்டு கதவுகளையும் அடைத்துவிடுகிறது.

குழப்பத்தை இன்னும் கூட்டும் ஓர் எடுத்துக்காட்டு தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. கோயிலுக்கு இராசராசன் ஒதுக்கிய ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள் ஒவ்வோர் ஊரின் நிலத்தையும் வேலியிலும், அதன் பின்னங்களான மா, காணி, அரைக்காணி, முந்திரி ஆகியவற்றிலும், அதற்கும் கீழே போய் ‘கீழ்’ பின்னங்களிலும் அளந்து சொல்கின்றன. கீழ்முந்திரி என்பது முந்திரியை மீண்டும் முந்நூற்று இருபதாகப் பிரித்தது, அதாவது 1,02,400-இல் ஒன்று. அதே கல்வெட்டில், அந்த ஊர் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டிய நெல் ‘காணிக்கடன்’ எனப்படுகிறது. முதல் காணி எண், அடுத்த காணி நில உரிமையின்மேல் விழும் கடமை. கல்லில் இரண்டையும் ஒரே எழுத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவருக்கோ படித்தவருக்கோ அதில் ஐயம் வந்ததாகத் தெரியவில்லை.

இந்த உரிமை தனி ஆளுடையதா, ஊர்ப் பொதுவா என்பதில் ஆய்வாளர்கள் நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, திருச்சிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிராமண ஊரான ஈசானமங்கலத்தில் தனியார் உடைமையும் வேளாளர் ஊரான அல்லூரில் கூட்டு உடைமையும் மேலோங்கியிருந்தன என்று காட்டினார். பின்னர் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தனியார் காணி பெருகியது என்பதும் அவர் கருத்து. உங்கள் பத்திரத்தில் இரண்டின் தடமும் சேர்ந்தே இருப்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது: மாகாணிப் பங்கு என்பது கூட்டின் எச்சம், நஞ்செய் காணி இரண்டு என்பது தனி உடைமை.

வலிகாமம் எழுதியது:

இந்த இழையை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவனுக்குச் சிறிது வியப்பாகத்தான் இருக்கும். எங்களுக்குக் காணி என்றால் நிலம். வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. அளவு சொல்ல வேண்டுமானால் பரப்பு என்போம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். வயலென்றால் இலாச்சம். “நாலு பரப்புக் காணி” என்று நான் சொன்னால் உங்கள் கர்ணம் ஐயாவுக்கு அது அளவின்மேல் அளவாகக் கேட்கும். எங்களுக்கு மிக இயல்பான பேச்சு. நீங்கள் பத்திரம் என்பதை நாங்கள் உறுதி என்கிறோம். காணி உறுதி என்று சேர்த்துச் சொன்னால்தான் வாய்க்கு நிறைவு.

இலங்கையில் இச்சொல் அரசின் சட்டத் தமிழிலும் அப்படியே குந்தியிருக்கிறது. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 50 ஏக்கருக்கு மேல் தனியார் வைத்திருக்கக் கூடாது என்று உச்சவரம்பு விதித்த 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம், 1987-இல் வந்த அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தை ஒட்டி இன்றுவரை ஓயாத ‘காணி, பொலிஸ் அதிகாரங்கள்’ என்ற வாதம் என எங்கும் அதே சொல். போருக்குப் பின் பத்திரிகைகளில் ‘காணி விடுவிப்பு’ என்ற தலைப்பு வராத மாதம் குறைவு. தமிழ்நாட்டில் மிராசும் பட்டாவும் இந்தச் சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எங்களிடம் அது தன் இடத்தை விட்டு நகரவில்லை.

மாணவி அவர்கள் சொன்ன உரிமை என்ற பொருள் எங்களிடம் முற்றாக அழிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். சொல்லிலிருந்து கழன்ற அந்தப் பொருள் வழக்காற்றில் ஒளிந்திருக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில், 1707-இல், எழுத்தில் வந்த எங்கள் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி ஒருவர் தம் காணியை விற்க முற்பட்டால் பங்காளிக்கும், அயற்காணிக்காரருக்கும், அதை ஒத்திக்கு வைத்திருப்பவருக்கும் முதலில் தெரிவிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வேண்டாம் என்ற பின்னரே வெளியாருக்குப் போக முடிந்தது. காணி ஒருவரின் பெயரில் இருந்தாலும் சுற்றியிருப்பவர்களின் உரிமை அதன்மேல் மெல்லியதாகப் படர்ந்திருந்தது என்பதுதானே இதன் பொருள்? கராஷிமா அல்லூரில் கண்டதற்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு என்று நான் சொல்லத் துணியவில்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

கர்ணம் ஐயா சொன்னபடி பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு சர்வே எண்களும் சேர்ந்து 2 ஏக்கர் 64 சென்ட். சித்தப்பாவும் தம்பியும் ஒரே நேரத்தில் தோற்றிருக்கிறார்கள்; வீட்டில் அமைதி நிலவுகிறது. இன்னொரு கேள்வி: காணி என்ற சொல் ‘காண்’ என்பதிலிருந்து வந்ததா? காணிக்கை என்பதும் அதே குடும்பமா?

பாலக்காட்டான் எழுதியது:

காணிக்கையைச் சேர்க்க வேண்டாம். பெரியவரையோ தெய்வத்தையோ காணும்போது வைப்பது காணிக்கை. அதில் நிலம் இல்லை. ‘கண்ணுக்கெதிரே இருப்பதால் காணி’ என்ற விளக்கத்தை நானும் பல இடங்களில் படித்திருக்கிறேன். அது உரிமைக்கும் நிலத்துக்கும் ஓரளவு பொருந்தலாம். எண்பதில் ஒன்று என்ற எண்ணை அதனால் எப்படி விளக்குவீர்கள்? தெலுங்கில் காணி அறுபத்து நான்கில் ஒன்று. எண்ணுப்பெயர் ஒரு வேரிலும் உரிமைப்பெயர் வேறொரு வேரிலும் முளைத்து, ஒலியில் ஒன்றாகிப் போயிருக்கலாம் என்பதே என் ஊகம். ஊகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பங்காளிச் சொல் இருக்கிறது. மலபாரில் காணம் என்பது நிலத்தின்மேல் முன்பணம் கொடுத்து அனுபவிக்கும் உரிமை. அது அடமானமா குத்தகையா என்று பிரித்தானிய நீதிமன்றங்கள் திணறின. அடமானம் என்று தீர்ப்பளித்தால், நிலத்தைக் காணத்துக்கு விட்ட சன்மி பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் காணக்காரரை வெளியேற்றலாம். குத்தகை என்றால் அவ்வளவு எளிதில் முடியாது. 1881-இல் தனி ஆணையராக அமர்ந்த வில்லியம் லோகன், சன்மியை முழு நில உடைமையாளராகக் கொண்டதே நீதிமன்றங்கள் செய்த அடிப்படைத் தவறு என்றார். காணக்காரருக்கு ஓரளவு பாதுகாப்புத் தந்த மலபார் குத்தகைதாரர் சட்டம் வர 1929 ஆகிவிட்டது. ஓணம் உண்பதற்காக விற்கச் சொல்லும் பழமொழியில் வரும் காணம் இந்தக் காணமா, கொள்ளுத் தானியமா என்று எங்கள் ஊர்க் கல்யாணப் பந்திகளில் இன்றும் வாதிடுவார்கள்.

பொதிகையடி எழுதியது:

இதுவரை யாரும் தொடாத பொருள் ஒன்று உண்டு. காணி என்பது ஒரு மக்களின் பெயர். அகத்தியமலைச் சாரலில், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் திருவனந்தபுரம் பக்கத்திலும் வாழும் பழங்குடியினர் அவர்கள். அரசுப் பட்டியலில் காணிக்காரன், காணிக்கர் என்று இருக்கும். அவர்கள் தங்களைக் காணி என்றே சொல்லிக்கொள்கிறார்கள், பெயருக்குப் பின்னாலும் காணி என்று போட்டுக்கொள்கிறார்கள். ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. பாபநாசம் அணைக்கு மேலே சின்ன மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகளுக்குப் பணி நிமித்தமாகச் சில ஆண்டுகள் போய் வந்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் ‘காணி’ என்று எழுதும்போது அது சட்டச் சொல் என்ற நினைப்பே எனக்கு அப்போது வந்ததில்லை.

பெயர்க் காரணமாக இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. நிலத்தின் பரம்பரை உரிமையாளர் என்பதே காணிக்காரன் என்ற சொல்லின் பொருள் என்று திருவிதாங்கூர் கால ஆவணங்களும், தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எழுதிய தர்ஸ்டனைப் போன்றவர்களும் சொன்னார்கள். ஓணத்துக்கு முன் தேனும் மலைப்பொருள்களும் கொண்டு அரசரைக் காணப் போகும் வழக்கத்தைச் சொல்லி, காணிக்கை கொண்டுவருபவர் ஆதலால் காணிக்காரர் என்பது மற்றொன்று. நண்பர் பாலக்காட்டான் காணிக்கையை ஒதுக்கிவிட்டார். இந்த இடத்தில் நானும் அவர் பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. முதல் விளக்கம் அவர்களை மலைக்கு உரியவர்களாக்குகிறது. இரண்டாவது அரசருக்குக் கடமைப்பட்டவர்களாக்குகிறது. எந்த விளக்கம் யாருக்கு வசதியானது என்பதைச் சொல்ல அகராதி தேவையில்லை.

உரிமையாளர் என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ளும் இந்த மக்கள், காப்புக்காடு என்றும் பின்னர் புலிகள் காப்பகம் என்றும் எல்லை வரையப்பட்ட தங்கள் மலையில் தாங்கள் பயிரிடும் இடத்துக்கு உரிமை கேட்டு, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட வேண்டியிருந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன் அந்த நிலம் தங்கள் கையில் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். கிடைத்தால் நான்கு ஹெக்டேருக்கு மேல் போகாது. மனுவில் பெயர் என்ற கட்டத்தில் காணி. கோரும் உரிமை என்ற கட்டத்தில் மறுபடியும் நிலம். அந்தத் தாளை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோர்வு தீர அவர்கள் மென்ற ஆரோக்கியப்பச்சையை 1987-இல் அவர்களுடன் மலையேறிய அறிவியலாளர்கள் கவனித்ததும், அதிலிருந்து மருந்து செய்யப்பட்டு வருவாயில் அவர்களுக்கும் ஒரு பங்கு தர ஏற்பாடானதும் உலகெங்கும் பேசப்பட்டன. அந்தப் பங்கு உரிமையா, கொடையா என்ற கேள்வியும் இந்தச் சொல்லின் எல்லைக்குள்தான் வருகிறது.

பழைய கர்ணம் எழுதியது:

நண்பர் பொதிகையடி சொன்னதை இன்றுதான் அறிந்தேன். திருச்செந்தூர்ப் பக்கம் முக்காணி என்று ஓர் ஊர் இருப்பது தெரியும். எண்சுவடியில் முக்காணி எண்பதில் மூன்று. ஊர்ப்பெயரை எண்ணிலிருந்துதான் பிரிக்க வேண்டுமா என்று இனி ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பேன். அளவில் சிறியது என்ற பொருளில் காணி பேச்சுவழக்கில் எங்களிடம் உயிரோடு இருந்தது. கணக்கை நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், “காணிச் சோம்பல் கோடி நட்டம்” என்று என் தகப்பனார் தலையில் குட்டுவார்.

காங்கயத்துக்காரன் எழுதியது:

கொங்குப் பகுதியில் நிலம் கைமாறிப் பல தலைமுறை ஆன பிறகும் காணி மட்டும் கைமாறாமல் நிற்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும், அதாவது குலப்பிரிவுக்கும், காணியூர் உண்டு, காணிக்கோயில் உண்டு. அந்த அம்மனைக் காணியாச்சி என்றே அழைப்பார்கள். எங்கள் கூட்டத்தின் காணியூரில் எங்களுக்கு ஒரு செண்டு நிலம்கூட இன்று கிடையாது. பாட்டனார் காலத்திலேயே விற்றுவிட்டு வந்துவிட்டார்கள். ஆனால் பொங்கல் சாட்டினால் தலைக்கட்டு வரி எங்களிடம் வாங்க ஆள் வரும். நாங்கள் போய் நின்றால் காணியாளர் என்று சொல்லித் திருநீறு கொடுப்பார்கள். அந்த ஊரில் இன்று நூறு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் காணியாளர் இல்லையென்றால் அந்த வரிசையில் அவருக்கு இடம் கிடையாது.

நிலம் போன பிறகு எஞ்சும் இதை உரிமை என்பதா, மரியாதை என்பதா என்று எனக்குத் தெளிவில்லை. இதற்காக வழக்குமன்றம் வரை போனவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள் என்பதால், வெறும் மரியாதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. மாணவி சொன்ன நட்டுவக்காணி, தச்சக்காணி ஆகியவற்றைப் படித்தபோது, நிலத்தை விட்டுப் பிரிந்தும் நிற்கக்கூடிய உரிமை என்பது எங்கள் ஊர்ப் புதுமை இல்லை என்று பட்டது.

ஏரிக்கரை எழுதியது:

எல்லோரும் காணியை உடையவரின் பக்கத்திலிருந்தே பார்க்கிறீர்கள். அது இல்லாதவரின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும், அதுவும் செங்கல்பட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசும்போது கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் தொண்டைமண்டலத்துக்கு வந்தபோது காணியாட்சி என்ற சொல்லுக்கு மேலே மிராசு என்ற சொல் ஏறி உட்கார்ந்திருந்தது. அது அரபியில் வாரிசுச் சொத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்த உரிமை என்ன, யாருக்கு, எதன்மேல் என்று அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு, சென்னைக் கலெக்டராக இருந்தவரும் நாம் எல்லீசன் என்று அறிந்தவருமான எல்லிஸ் துரை எழுதிய விடைகள் 1818-இல் சென்னையில் அச்சாயின. காணியாட்சி உடையவர் கிராமத்தின் பங்குகளை வைத்திருப்பார். சில ஊர்களில் பங்குகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை கரையீடு (மறுபங்கீடு) செய்து மாற்றிக்கொள்ளப்படும், அது பசுங்கரை. சிலவற்றில் நிலையாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அது அறுதிக்கரை. உரிமை இல்லாமல் பயிரிட வந்தவர் பாயக்காரி. அவர் காணியாளருக்குச் சுவாமிபோகம் என்று ஒரு பங்கு கொடுக்க வேண்டும். பாலாற்றங்கரை அவர்களின் மாகாணிப் பங்கு இந்த அமைப்பைச் சேர்ந்ததுதான். பயிர் நிலத்தோடு நிற்காமல் புறம்போக்கிலும் ஏரி மீனிலும் மரங்களிலும் அந்தப் பங்கு உரிமை பேசும்.

இதற்கெல்லாம் கீழே ஏரும் கையுமாக நின்றவர்கள் சேரியில் இருந்த பறையர்கள். அடிமை ஒழிப்புச் சட்டம் 1843-இல் வருவதற்கு முன் நிலத்தோடு ஆளையும் சேர்த்து எழுதி விற்ற ஓலைகள் உண்டு. சட்டம் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தரிசு நிலம் கேட்டு ஒரு சேரிக்காரர் மனுக் கொடுத்தால், அந்த ஊர் மிராசுதாரருக்கே முதல் உரிமை என்று விதி இருந்தது. அவர் தடுக்கலாம், தடுத்தார். சேரியின் குடியிருப்பு மனையே மிராசுதாரருடையது என்ற வாதமும் இருந்ததால், கூலி குறைவு என்று வாய் திறந்தவரை வீட்டை விட்டே கிளப்ப முடிந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமன்ஹீர் 1891-இல் எழுதிய குறிப்பு இவற்றை ஒன்றொன்றாக எடுத்து வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892-இல் பிறந்த அரசாணையால் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்டவைதான் நாம் இன்று பஞ்சமி நிலம் என்பவை. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் யார் கையில் இருக்கின்றன என்பது தனி இழைக்குரிய செய்தி.

மாணவி அவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி வருகிறதல்லவா?

கல்வெட்டு மாணவி எழுதியது:

வருகிறது. ஒவ்வோர் ஊரிலும் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவற்றின் பரப்பை மொத்த நிலத்திலிருந்து கழித்து, அவற்றை இறையிலி (வரி இல்லாதவை) என்று சொன்ன பிறகே மீதி நிலத்துக்குக் காணிக்கடன் கணக்கிடப்படுகிறது. அதாவது, பறைச்சேரி அளந்து பெயர் சொல்லிப் பதிவான இடம். அதன்மேல் இறை இல்லை. அது குடியிருந்தவர்களின் உடைமை என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் ஊர்க் காணியாளர் ஒருவரின் பங்குக்குள் அடங்கிய மனை என்றும் அந்தக் கல் சொல்லவில்லை. நான் முன்பு எழுதிய பதிவில் காணிக்கடனைச் சொன்னேன், கழித்த பகுதியைச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பாலாற்றங்கரை எழுதியது:

இரண்டு நாள்களாகப் பத்திரத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். மாகாணிப் பங்கு இன்று எங்கே இருக்கிறது என்பதைக் காங்கயத்து நண்பரின் பதிவு எனக்குக் காட்டிக்கொடுத்தது. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் உற்சவத்தில் ஒரு நாள் மண்டகப்படி எங்கள் குடும்பத்துக்கு உண்டு. ஏன் எங்களுக்கு என்று யாரும் கேட்டதில்லை. நேற்று அப்பாவிடம் கேட்டேன். மண்டகப்படிச் செலவு அந்தக் காலத்தில் பதினாறு பங்காகப் பிரியும், நம்முடையது ஒரு பங்கு என்றார். அவருக்கு மாகாணி என்ற சொல் தெரியவில்லை, கணக்கு தெரிந்திருக்கிறது.

ஏரிக்கரை அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, “நத்தத்தில் குடியிருப்பு மனை 4” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். முதல் பதிவில் அதையும் எழுதியிருந்தேன். நாங்கள் மூவருமே காணியைப் பற்றிச் சண்டையிட்டோமே தவிர அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீடு இருக்கும் மனைக்குத் தனியாக வேறொரு பத்திரம் இருக்கிறது. எனவே இந்த நான்கும் எங்கள் வீடு இல்லை. பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு மனைகளுக்கும் நான்கெல்லை சொல்லியிருக்கிறது. அவற்றுள் மூன்றுக்குக் கிழக்கெல்லை ‘சேரி வழி’. குடியிருந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஏரிக்கரை எழுதியது:

கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம் பதிவேட்டைக் கேளுங்கள். நான்கெல்லையை வைத்து இன்றைய மனை எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். யார் பெயரில் பட்டா இருக்கிறது என்பதும் அதிலேயே இருக்கும்.

பாலாற்றங்கரை எழுதியது:

திங்கட்கிழமை போகிறேன். தம்பியும் வருகிறேன் என்கிறான்.